ஓர் இதயத்துக்கு நான்கு மணி நேரம்



ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் போயிருக்கிறீர்களா? தூரம் சுமார் 330 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒருவர் உடலிலிருந்து எடுத்த இதயத்தை இன்னொருவர் உடலில் பொருத்தி, அதில் மீண்டும் ரத்தம் பாயச் செய்வதற்கும் மருத்துவர்களுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம்தான். கொஞ்சம் நீட்டினால் ஆறு. அதற்குமேல் தாமதித்தால் இதயத் தசை கெட்டுப்போகும்.

அப்படியென்றால் ஜொகூர் பாருவில் தானமாகக் கிடைக்கும் ஓர் இதயம் கோலாலம்பூரில் இருக்கும் நோயாளிக்குப் பயன்படுமா? பயன்பட்டிருக்கிறது. அதுவும் நம் ஜொகூர்ப் பெண் ஒருவருக்கே பயன்பட்டிருக்கிறது.

இரண்டு நாளில் இரண்டு இதயம்

பத்து பகாட்டைச் சேர்ந்த அந்தச் சிறுமிக்கு 2007இல் வயது 14. அவருடைய இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது. கோலாலம்பூரில் ஐ.ஜே.என் என்று எல்லாரும் அழைக்கும் தேசிய இருதயக் கழகத்தில், 2006ஆம் ஆண்டு அவருக்கு இயந்திர இதயம் ஒன்றைப் பொருத்தினார்கள். அது ரத்தத்தை உறிஞ்சி உடலுக்கு அனுப்பும் ஒரு பம்பு. அந்த இயந்திரத்தின் துணையோடு ஓராண்டுக்கும் மேலாக அவர் மருத்துவமனையிலேயே வாழ்ந்தார். பள்ளி இல்லை, வீடு இல்லை. தனக்குப் பொருந்தும் ஓர் இதயத்துக்காகக் காத்திருந்தார்.

2007 அக்டோபர் மாதம், பேராக் மாநிலத்தில் இறந்துபோன ஒரு பையனின் இதயத்தைக் கொடுக்க அவன் குடும்பத்தார் சம்மதித்தார்கள். இதயம் கோலாலம்பூருக்கு வந்தது, அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆனால் சிறுமியின் உடல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மருத்துவர்கள் கலங்கி நின்ற நேரத்தில் ஜொகூர் பாருவிலிருந்து செய்தி வந்தது. அங்கே ஓர் இளைஞர் இறந்துவிட்டார், அவருடைய குடும்பமும் இதயத்தைத் தானம் செய்ய ஒப்புக்கொண்டது. மறுநாளே இரண்டாவது முறையாக அறுவை சிகிச்சை நடந்தது. இந்த முறை உடல் ஏற்றுக்கொண்டது. அந்தச் சிறுமி பிறகு உடல் தேறி வீடு திரும்பினார்.

நாடே இந்தச் செய்தியை நாளிதழ்களில் நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தது. அதுவரை உறுப்பு தானத்தைப் பற்றி யோசித்தே பார்க்காத பலர், தாங்களும் தானம் செய்வதாகப் பெயர் பதிந்துகொண்டார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் உறுப்பு மாற்று மருத்துவத்தின் பெரிய கேள்விகள் எல்லாமே அடங்கியிருக்கின்றன. உறுப்பை எப்படிக் கெடாமல் கொண்டுபோகிறார்கள்? முதல் இதயத்தை உடல் ஏன் மறுத்தது? யார் தானம் கொடுக்கலாம்? இத்தனை திறமையான மருத்துவர்கள் இருந்தும் நோயாளிகள் ஏன் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குளிரும் கடிகாரமும்

நம் உடலின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் ஆக்ஸிஜன் கிடைக்காது, செல்கள் சில நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்கும். ஆனால் உறுப்பை 4 டிகிரி அளவுக்குக் குளிர வைத்தால் செல்களின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும், ஆக்ஸிஜன் தேவையும் குறையும். அதனால்தான் உறுப்புக்குள் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்தி, பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறார்கள்.

இன்னும் குளிர வைத்து, மீனை உறைய வைப்பதுபோல வைத்துவிட்டால் பல நாள் தாங்குமே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் நீர் கூரான பனிப்படிகங்களாக மாறி, செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். அப்புறம் அந்த உறுப்பு எதற்கும் உதவாது.

ஒவ்வோர் உறுப்புக்கும் தாங்கும் நேரம் வேறு வேறு. இதயமும் நுரையீரலும் நான்கு முதல் ஆறு மணி நேரம். கல்லீரல் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சிறுநீரகம் மட்டும் ஒரு நாளுக்குமேல்கூடத் தாங்கும். அதனால் சிறுநீரகத்தைச் சாலை வழியாக அனுப்பலாம். ஜொகூர் பாருவிலிருந்து போகும் இதயத்துக்கு ஆகாய வழிதான் சரி. ஒருபக்கம் இதயம் பயணம் செய்துகொண்டிருக்கும்போதே, மறுபக்கம் நோயாளியை அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்துவிடுவார்கள்.

வெள்ளையணுக்கள் கேட்கும் ஐ.சி.

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் கிருமிகளை அடையாளம் கண்டு அழிப்பவை. நம் உடலின் செல் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? செல்லின் மேற்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஹெச்.எல்.ஏ என்று பெயர். அலுவலக வாசலில் நிற்கும் காவலர் நம் ஐ.சி.யை வாங்கிப் பார்ப்பதுபோல, வெள்ளையணுக்கள் ஒவ்வொரு செல்லிலும் இந்தப் புரதங்களைச் சோதித்துப் பார்க்கின்றன. வேற்று அடையாளம் தெரிந்தால் தாக்கத் தொடங்கிவிடும். அது உயிர் காக்க வந்த இதயமா, நோய் கொண்டுவந்த கிருமியா என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உறுப்பை உடல் மறுப்பது இப்படித்தான்.

இந்தப் புரத அடையாளத்தில் பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. அதனால் உடன்பிறந்த இருவருக்கு அது முழுவதும் ஒத்துப்போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கோ முழுக்க முழுக்க ஒன்றாகவே இருக்கும்.

உலகில் முதன்முதலில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று சிகிச்சை அப்படிப்பட்ட இரட்டையர்களுக்குத்தான் நடந்தது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். அறுவை சிகிச்சை செய்தவர் ஜோசப் மரே. ரிச்சர்ட் அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மரேவுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். இதயம் நன்றாகத் துடித்தது. ஆனால் நோயாளி 18 நாளில் நிமோனியாவால் இறந்துபோனார். இதயத்தை உடல் மறுக்காமல் இருக்க அவருடைய எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்திருந்தார்கள். அதனால் நுரையீரலில் புகுந்த கிருமியை எதிர்க்க உடலில் வலு இல்லாமல் போயிற்று. கத்தி பிடிக்கும் கையின் திறமை மட்டும் போதாது என்பதை மருத்துவ உலகம் அன்று கண்டுகொண்டது.

மண்ணிலிருந்து வந்த மருந்துகள்

விடை மண்ணில் கிடைத்தது. நார்வே நாட்டில் ஒரு மலைப்பகுதியிலிருந்து எடுத்துவந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. சுவிட்சர்லாந்தில் அதை ஆராய்ந்தவர்கள் அதிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி முழுவதையும் முடக்காமல், உறுப்பைத் தாக்கும் அணுக்களின் வேலையைத் தணிப்பது அதன் சிறப்பு. 1980களில் அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் இதய மாற்றும் கல்லீரல் மாற்றும் நம்பிக்கையோடு செய்யக்கூடிய சிகிச்சைகள் ஆயின. பின்னர் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் என்ற மருந்து வந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து இன்னொன்று வந்தது. காலால் மிதித்து நடக்கும் மண்ணால் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டிருக்கின்றன பாருங்கள்!

உறுப்பு பெற்றவர் இந்த மருந்துகளை நேரம் தவறாமல் சாப்பிட்டுவர வேண்டும். உடல் தேறிவிட்டதே என்று நிறுத்தினால், வெள்ளையணுக்கள் மறுபடியும் தாக்கத் தொடங்கும். மருந்து சாப்பிடும் காலமெல்லாம் சளி, காய்ச்சல், கெட்டுப்போன உணவு இவற்றிலிருந்தும் கவனமாக விலகியிருக்க வேண்டும்.

உயிரோடு கொடுப்பதும் இறந்தபின் கொடுப்பதும்

நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒன்று இருந்தாலே நலமாக வாழலாம். அதனால் உடல்நலம் உள்ள பெரியவர் ஒருவர் மற்றொன்றைத் தானமாகக் கொடுக்கலாம். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். மிச்சமிருக்கும் பகுதி வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடும். புதிய சிறுநீரகத்தை எங்கே வைப்பார்கள் தெரியுமா? அடிவயிற்றில். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் வயிற்றில் மூன்று சிறுநீரகங்கள் இருந்தாலும் இருக்கலாம்.

இதயத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அது இறந்தவரிடமிருந்துதான் கிடைக்க வேண்டும். விபத்திலோ, மூளைக்குள் ரத்தம் கசிந்தோ மூளை முழுவதும் செயலிழந்துவிடும் நிலை ஒன்று உண்டு. அதை மூளைச்சாவு என்கிறோம். மூச்சு விடச் சொல்லிக் கட்டளையிடும் மூளைத்தண்டும் அதில் இறந்துவிடுகிறது. சுவாசக் கருவி காற்றைச் செலுத்திக்கொண்டிருப்பதால் இதயம் மட்டும் சிறிது காலம் துடிக்கும். தன் துடிப்பைத் தானே தூண்டிக்கொள்ளும் ஆற்றல் இதயத்துக்கு உண்டு என்பதே அதற்குக் காரணம்.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும், அவர் கண்விழிக்க வாய்ப்பு உண்டு. மூளைச்சாவு அடைந்தவர் திரும்பி வருவதில்லை. கண்ணில் ஒளி பாய்ச்சினால் பாவை சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, கருவியை நிறுத்தினால் தானாக ஒரு மூச்சாவது விடுகிறாரா என்று நிபுணர்கள் இருவர் சோதிப்பார்கள். சில மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடியும் சோதிப்பார்கள். இந்த நிபுணர்கள் உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. தானம் கொடுக்கப்போகிறவருக்கு இழைக்கப்படும் சிறு அநியாயத்துக்கும் இடமிருக்கக்கூடாது என்பதற்காகவே இத்தனை கட்டுப்பாடு.

நம் நாட்டின் கணக்கு

மலேசியாவில் 1974ஆம் ஆண்டிலேயே மனிதத் திசுக்கள் சட்டம் வந்துவிட்டது. 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் டாக்டர் ஹுசேன் அவாங் நாட்டின் முதல் சிறுநீரக மாற்றைச் செய்தார். 1997 டிசம்பரில் ஐ.ஜே.என்.இல் டாக்டர் யஹ்யா அவாங் தலைமையில் நாட்டின் முதல் இதய மாற்று நடந்தது. சமயங்களும் தடையாக நிற்கவில்லை. இதயம், கண் தானத்தை அனுமதித்து நாட்டின் இஸ்லாமிய ஃபத்வா மன்றம் 1970இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மருத்துவர்கள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. குறைவது உறுப்புகள்தான். நாட்டில் 10,000க்கும் மேற்பட்டோர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்கள். ஆனால் இறந்தபின் உறுப்பு தானம் செய்வோர் மிகக் குறைவு. பெரும்பாலான ஆண்டுகளில் பத்து லட்சம் மக்களில் ஒருவர்கூட இல்லை. ஸ்பெயின் நாட்டில் அதே பத்து லட்சம் மக்களில் 45க்கும் மேற்பட்டோர் தானம் செய்கிறார்கள்.

காத்திருக்கும் காலத்தில் சிறுநீரக நோயாளிகளைக் காப்பது டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், உடலின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். மலேசியாவில் 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸின் துணையோடு வாழ்கிறார்கள். நம் உறவினர் வட்டத்தில் ஒருவராவது ‘டயாலிசிஸ் போகிறார்’ என்று கேள்விப்படாத குடும்பம் இன்று அரிது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேறு முறை. அங்கே 1987இல் வந்த சட்டப்படி, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத பெரியவர் எல்லாரும் தானம் செய்யச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். நம் நாட்டில் விருப்பம் உள்ளவர்கள் தாங்களே பெயர் பதிய வேண்டும். அப்படிப் பதிந்திருந்தாலும், இறந்தபின் மருத்துவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடமும் அப்பாவிடமும், சில மணி நேரத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘அவன் என்ன நினைத்திருந்தான் என்று எங்களுக்குத் தெரியாதே’ என்ற தவிப்பில் பல குடும்பங்கள் மறுத்துவிடுகின்றன. பல பத்தாண்டு கால ஆராய்ச்சி அந்த ஒரு நிமிடத்தில் நின்றுபோகிறது.

அந்த நிமிடத்தில் ஒரு குடும்பம் துணிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். சென்னைப் போலீசார் சாலையை ஒழித்துக் கொடுக்க, அவனுடைய இதயம் சில நிமிடங்களில் நகரைக் கடந்து ஒரு சிறுமியைச் சென்றடைந்தது. அதற்குப் பின் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகமாக வளர்ந்தது. இந்தியாவில் முன்னணி மாநிலங்களில் ஒன்றாக அது ஆனது. தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

ஆய்வுக்கூடங்களில் என்ன நடக்கிறது?

விஞ்ஞானிகள் வேறு வழிகளையும் தேடுகிறார்கள். உறுப்பைக் குளிர வைக்காமல், உடல் வெப்பத்திலேயே ரத்தம் பாய்ச்சிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குள் இதயம் துடித்துக்கொண்டே பயணம் செய்யும். பயண நேரமும் கூடும், உறுப்பு நலமாக இருக்கிறதா என்று வழியிலேயே சோதிக்கவும் முடியும்.

பன்றியின் மரபணுக்களைத் திருத்தி, மனித உடல் எளிதில் மறுக்காத உறுப்புகளை வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஒருவருக்கு அப்படிப்பட்ட இதயத்தைப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் இன்னொருவருக்குச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அவரும் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இறந்துபோனார். இவை தொடக்கம்தான். இன்றைய நோயாளிக்கு இவற்றை நம்பிக் காத்திருக்க நேரமில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் சிறுநீரகங்களைக் காப்பாற்றுங்கள். நம் நாட்டில் சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணம் நீரிழிவு நோய். சிராப்பும் இனிப்புப் பானங்களும் நாள்தோறும் வேண்டாம். பச்சைத் தண்ணீர் குடியுங்கள், மாலையில் ஓடி விளையாடுங்கள். மோட்டார் சைக்கிளில் அப்பாவின் பின்னால் உட்காரும்போது ஹெல்மெட்டின் வாரைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்த வார இறுதியில் குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது இந்தக் கட்டுரையில் படித்ததைச் சொல்லுங்கள். ‘மூளைச்சாவு என்றால் என்ன தெரியுமா, பாட்டி?’ என்று கேளுங்கள். தானம் செய்ய விரும்புகிறீர்களா என்று அம்மா அப்பாவிடம் கேளுங்கள். அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அதுவும் அவர்களுடைய உரிமை, வாதாட வேண்டாம். விரும்பினால், கைத்தொலைபேசியில் மைசெஜாத்ரா செயலியிலேயே சில நிமிடங்களில் பெயர் பதியலாம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. பதிந்த பிறகு, அந்த விருப்பத்தை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைப்பது பதிவதைவிடவும் முக்கியம். சொல்லிவைத்த விருப்பத்தை நிறைவேற்றக் குடும்பங்கள் தயங்குவது குறைவு.

ஒருவர் இறந்தபின் கொடுக்கும் உறுப்புகள் எட்டுப் பேர் வரை உயிர் பிழைக்க உதவும். இரண்டு கண்களின் விழிவெண்படலம் இன்னும் இருவருக்குப் பார்வை தரும். இதைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்குங்கள்; பெரியவர்கள் தயங்கும் இந்தப் பேச்சை நீங்கள் தொடங்கி வைக்கலாம்.